மேற்பிரிவு லயத்தில் நாங்கள் குடியிருப்பதை நேரில் வந்து பார்க்கக் கோருதல்

அனுப்புநர்:
மூ. சஞ்சீவனி,
மேற்பிரிவு லயம், ஹுணுகெட்டிய,
கட்டுகஸ்தோட்டை வழி.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்.

விடயம்: எங்கள் குடியிருப்பு ஆளற்ற காடு என வகைப்படுத்தப்பட்டமை

கனம் ஐயா,

1. தேயிலைத் தோட்டம் மூடப்பட்ட பின்பும், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பதினொரு குடும்பங்கள் வாழ்கின்றோம். நகர எல்லை கீழேயுள்ள மதகோடு முடிகிறது. கிராமம் மேட்டுக்கு அப்பால் தொடங்குகிறது. அபிவிருத்தித் திட்டத்துக்காக நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரித்தபோது எங்களை எதிலும் சேர்க்கவில்லை. ஆளற்ற காடு என்று பதிந்திருப்பதாகக் கிராம உத்தியோகத்தர் தெரிவித்தார்.

2. அந்தத் திட்டத்துக்காக நிலம் அளவெடுக்க வந்த உத்தியோகத்தர் இருவரும் என் வாசலில் கதிரை போட்டு அமர்ந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்தவர்கள். பின்னர் சென்று விசாரித்தபோது, எங்கள் லயம் இருக்கும் அந்த வீதி வளைவில் வீடு எதையும் கண்டதாக நினைவில்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் பயந்தேன்.

3. கடந்த ஆவணியில் ஒரு காலை, என் தங்கை நிலூஷாவுக்குப் பிரசவ வலி கண்டது. அம்புலன்ஸுக்கு அறிவித்துவிட்டு, நானும் அவள் கணவர் நிரோஷனும் வீதியில் நின்று கையசைத்தோம். வண்டி மெதுவாக வந்தது. சாரதி கண்ணாடியை இறக்கி எங்கள் பக்கம் பார்த்தார். கத்தினோம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நாள்தோறும் எங்களுக்குப் பாண் விற்க வரும் அலவத்துகொடயைச் சேர்ந்த அரூஸ் தன் முச்சக்கர வண்டியில் அவளை ஏற்றினார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பிள்ளை பிறந்தது. அழவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரில்லை என்றார்கள்.

அந்தச் சாரதியைத் தேடிப் போய்க் கேட்டேன். அங்கே காட்டைத் தவிர எதையும் காணவில்லை என்று சொல்லி, அவரும் அழுதார்.

4. சென்ற வெள்ளிக்கிழமை அரூஸும் நிறுத்தாமல் போனார். பாண் வாங்கப் பையுடன் வீதியில் நின்ற நாங்கள் திகைத்துவிட்டோம். மறுநாள் அவர் ஊருக்கே போய்க் கேட்டதற்கு, “நேத்தும் வந்தேனே அக்கா, ஒத்தரும் இருக்கல்லயே. நீங்க எல்லாரும் எங்க போன?” என்றார்.

5. நேற்று, நான் அருகில் அமர்ந்திருக்கும்போதே, வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று நிலூஷா கேட்டாள்.

ஆகவே ஐயா, பதிவைத் திருத்தி எங்களை ஏதேனும் ஒரு பிரிவில் சேர்க்கவும், தாமதியாமல் தாங்களே நேரில் வரவும் பணிவுடன் வேண்டுகிறேன். வளைவில் காடு மட்டும் தெரிந்தால் தயவுசெய்து திரும்பிவிடாதீர்கள். வண்டியை நிறுத்தி, எங்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் கேட்காவிட்டாலும் சற்று நில்லுங்கள். நாங்கள் பேசிக்கொண்டுதான் இருப்போம்.

இடம்: ஹுணுகெட்டிய
திகதி: 14.11.2024

இங்கே வசிக்கும்,
மூ. சஞ்சீவனி