இரண்டாம் முறை மயங்கிய முயல்கள்

மச்சான்,

இன்று காலை பேத்தி நகச்சாயத்தை அழிக்க ஒரு பாட்டிலைத் திறந்தாள். கூடம் முழுக்கத் தித்திப்பாக ஒரு வாடை. அவ்வளவுதான், நான் செங்கல்பட்டில் நம் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்கட்டில், முயல் கூண்டுகளுக்கு நடுவே போய் நின்றுவிட்டேன். பக்கத்தில் நீ குடுவையை மூடிக்கொண்டே, "மூக்க அந்தாண்ட திருப்பு. முயலுக்கு முன்னாடி நீ தூங்கிடப் போறே" என்கிறாய்.

"இந்த வாடையெல்லாம் தாத்தாவுக்கு ஜுஜுபி. உலகத்துக்கே மயக்க மருந்து கண்டுபுடிச்ச ஆளு நான்" என்றேன் பேத்தியிடம். அவள் நம்பினாள். நீ இருந்தால் நம்ப விட்டிருக்க மாட்டாய். நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆயிற்று. தடுக்க ஆளில்லாததால் இந்தக் கடிதத்தையும் என் இஷ்டத்துக்கு அளந்துவிடுகிறேன்.

எழுபதுகளில் அந்த ஆராய்ச்சிக்கூடம் என் தோளில்தான் நின்றது. பள்ளிக்கூடம் என்னை ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தாங்கவில்லை என்பது வேறு விஷயம். காகிதத்தில் நான் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர். நீ எம்.எஸ்ஸி. படித்த ஆராய்ச்சி உதவியாளன், மாமல்லபுரத்துக்கு வடக்கே உங்கள் குப்பத்திலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள். ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவர் பெரிய டாக்டர் எதிரில் உன்னை சார் என்பேன். பின்கட்டுக்கு வந்தால் மச்சான்தான்.

அப்போது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்த ஈதர் தீப்பிடிக்கும், எழுந்த நோயாளி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். வெளிநாட்டிலிருந்து வந்த மருந்தோ விலை அதிகம், சிலருக்கு ஈரலைப் பதம் பார்த்துவிடும். இந்த வம்பெல்லாம் இல்லாத ஒரு மயக்க மருந்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. நீ ஒவ்வொன்றாகக் காய்ச்சி இறக்குவாய். நான் முயலைப் பிடித்து மூக்கில் புனலை வைப்பேன். தூங்கியதும் மல்லாக்கப் போடுவோம். தானாகப் புரண்டு எழுந்தால் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த முயல்களில் ஒன்று கன்றுக்குட்டி அளவு இருந்தது. அதை நான் ஒற்றைக் கையால் தூக்குவேன்.

கடைசியில் ஒரு மருந்து அமைந்தது. தீக்குச்சியைக் காட்டினாலும் பற்றவில்லை. முயல் தூங்கிய அழகைப் பார்த்தால் நமக்கே கொட்டாவி வரும். எழுந்ததும் நேராகப் புல்லுக்குப் போகும். இது மனிதர்களுக்குப் போகிற கட்டத்துக்கு வந்தால் உனக்கு டாக்டர் பட்டம் என்று பெரிய டாக்டரே வாக்குக் கொடுத்திருந்தார். உன் அம்மா மீன்கூடையை இறக்கி வைத்த தெருவெல்லாம் "எம் புள்ள டாக்டராவப் போறான்" என்று சொல்லி முடித்திருந்தது. டில்லியிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு அனுமதி கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது பார்த்து மழை. ஒரு முயலுக்கு ஒரு முறைதான் மருந்து என்பது நம் சட்டம். புது முயல்கள் மதுராந்தகத்துக்கு அப்பாலிருந்து வரவேண்டும். மதுராந்தகம் ஏரி நிரம்பி வழிந்து ரோட்டில் தண்ணீர் ஓட, முயல்காரர் வரவில்லை.

"பழசுங்களையே போட்டுப் பாக்கலாம் மச்சான்" என்றேன். "நல்லா துன்னு கொழுத்துகினு கீதுங்க. ஒரு தபா தூங்கனது இன்னொரு தபா தூங்காதா?"

நீ ஜன்னல் வழியே மழையைப் பார்த்தாய். "சரி, போடு. வர்றவங்களுக்கு இன்னா, வெறுங்கூண்டையா காட்டறது?"

தூங்கின, எழுந்தன. ஆனால் மறுநாள் ஒன்றுகூடப் புல்லைத் தொடவில்லை. என் கையால் கொடுத்தால் கல்லைக்கூடத் தின்னும் முயல்கள் அவை.

"ரெண்டாவது தபா புடிச்சோம்ல, கோவிச்சிக்கிச்சிங்க போல" என்றேன்.

நீ ஒன்றைத் தூக்கி, காதை வெளிச்சத்தில் பிடித்தாய். உள்பக்கம் மஞ்சள் ஓடியிருந்தது.

"இன்னா மச்சான், மஞ்ச பூசிக் குளிச்சிச்சா?"

நீ சிரிக்கவில்லை. அந்த முயல் செத்ததும் அறுத்துப் பார்த்தாய். ஈரல் வெந்த உருளைக்கிழங்கு நிறத்தில் இருந்தது. ஒரே ஒரு முறை மருந்து வாங்கிய முயல்களையும் பார்த்தாய். அவற்றுக்கு ஒன்றுமே இல்லை.

"வர்றவங்க ஒரு தபாதானே பாக்கப் போறாங்க? அவங்களுக்கு இன்னா தெரியும்?" என்றேன். நீ கையைக் கழுவிக்கொண்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனாய். அறுத்த முயலைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் வந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. "ஏம்ப்பா, முதல் தடவை நல்லாத்தானே இருக்கு? ரெண்டாவது தடவை கொடுக்கக் கூடாதுன்னு புட்டியில எழுதிட்டாப் போச்சு" என்றார்.

"எங்கம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் ஆகியிருக்கு சார்" என்றாய் நீ. "இன்னா மருந்து குடுத்தாங்கன்னு கேட்டா, 'ஏதோ மோந்து பாக்கச் சொன்னாங்க'ன்னுதான் சொல்லும். நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க இருக்கற டாக்டர் புட்டியைப் படிப்பாரு. எங்கம்மா முதல்ல எதை மோந்ததுன்னு எதைப் படிச்சுத் தெரிஞ்சுக்குவாரு?"

"உன் பட்டம் போயிடும். யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

டில்லிக்காரர்களிடமும் அதையே சொன்னாய். அவர்கள் எழுந்து நின்று உனக்கு சல்யூட் அடித்தார்கள் என்றுதான் நான் ஊரில் சொல்லிவருகிறேன். உனக்குத் தெரியும், காபியைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினார்கள்.

அடுத்த ஞாயிறு உன் அம்மாவிடம் சொல்லக் குப்பத்துக்குப் போனாய். துணைக்கு நான். கரையில் உட்கார்ந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்த உன் அம்மா நிமிராமலே கேட்டது: "இன்னாடா, டாக்டராயிட்டியா?"

"இல்லம்மா. மருந்து சரியில்ல. நானே வாணாம்னுட்டேன்."

"கெட்டதுன்னு தெரிஞ்சா வாணாம்னுதான் சொல்லணும். கெட்டுப்போன மீன கூடையில வெச்சிகினு நான் தெருத்தெருவா கூவிகினு போனா வுடுவியா நீ?" அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னா நைனா முழிக்கிறே? ரெண்டு பேரும் வந்து சோறு துன்னுங்க" என்றது. அந்த வாரத்தில் நீ சிரித்தது அப்போதுதான். அன்று நான் தின்ற வறுத்த வஞ்சிரத்துக்குக் கணக்கே இல்லை. இது மட்டும் சத்தியம்.

பட்டம் வரவே இல்லை. அடுத்து நீ காய்ச்சிய எதுவும் தேறாமல், அந்தப் பிரிவையே மூடினார்கள். நீ மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனாய். நான் முயல்களை விட்டுவிட்டு ஆபீஸ் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பார்க்கும்போதெல்லாம் நான்தான் பேசினேன், நீ கேட்டாய்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. யார் ஆபரேஷன் முடிந்து வந்தாலும், எப்படி இருக்கே என்று கேட்பதற்கு முன்னால், "மயக்க மருந்து பேரு கேட்டியா?" என்கிறேன். கேட்கவில்லை என்றால் கேட்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். "பெருசுக்கு வேற வேலை இல்ல" என்கிறார்கள், என் மகன் உட்பட.

எதிர்வீட்டுப் பெண் போன வருடம் அப்படித் திட்டிக்கொண்டே போய்க் கேட்டு மனப்பாடம் செய்துவந்தாள். இந்த மாதம் அவளுக்கு இன்னொரு ஆபரேஷன். போன முறை கொடுத்த மருந்தின் பெயரை அவள் ஒப்பித்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "அண்ணாத்த, 'இதெல்லாம் யாரும்மா உனக்குச் சொன்னது'ன்னு டாக்டர் கேட்டாரு. உன் பேரைச் சொல்லட்டா?" என்று வந்து நின்றாள்.

உன் பெயரைச் சொன்னேன், மச்சான்.

"அவரு இன்னா, டாக்டரா?"

"ஆமா, டாக்டர்தான்" என்றேன்.