ஏசி நிறுத்திய நாள்

அக்டோபர் 27, திங்கள். அல் ஐன், அமீரகம்.

வெயில் முறிந்துவிட்டது. ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்று சாயங்காலம் கடையில் ஏசியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தேன். வாசலில் முருகேசன், தொழிலாளர் கேம்புக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். அரியலூர்க்காரர், ரோடு வேலை. காற்று கொடுத்த சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட்டேன்.

“உள்ள வந்து உக்காருங்கண்ணே.”

“இருக்கட்டும் பாய். இப்ப வெளியவே நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தார்.

அவர் குத்திப் பேசவில்லை. அதனால்தான் தாங்கவில்லை. ஆடி மாதத்தில் இதே மனிதர் சட்டை நனைந்து உள்ளே வந்து நின்றபோது, “சாமான் வாங்கலைன்னா வெளிய நில்லுங்க, ஏசி வீணாப் போவுது” என்று அனுப்பியவன் நான். மறுநாளிலிருந்து அவர் தினமும் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினார். பஸ் வரும்வரை அதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தபடி உள்ளே நின்றார். அதையும் நல்ல வியாபாரம் என்றுதான் நினைத்தேன்.

வெளியே குளிர்ந்த பிறகு உள்ளே கூப்பிட யாரால்தான் முடியாது? அடுத்த வெயிலில் கூப்பிடுவேனா, அதையும் இன்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

இன்று முருகேசன் தண்ணீர் வாங்கவில்லை.