ஏழு மூக்கு விளக்கு

ஷஃபான் 9, ஹிஜ்ரி 301. தூஸ்.
இரண்டு மாக்கல் சட்டி கடைந்து முடித்தேன். மதியம் பள்ளிவாசல் பொறுப்பாளர் அபூ நஸ்ர் பட்டறைக்கு வந்தார். ரமலான் பிறை அன்று தொழுகை மாடமான மிஹ்ராபுக்கு முன்னால் தொங்கவிட புதுக் கல்விளக்கு வேண்டுமாம். நானும் இதே பட்டறையில் வேலை செய்யும் ஷாதானும் ஆளுக்கொன்று செய்யவேண்டும், நல்லதை எடுத்துக்கொள்வாராம். பதினெட்டு வருடமாக அங்கே எரிவது என் விளக்கு. பல்க் நகரத்திலிருந்து நேற்று வந்த பயலோடு எனக்குப் போட்டியா?

ஷஃபான் 15
ஷாதான் ஒரே கல்லில் திரி வைக்க ஏழு மூக்கு செதுக்குகிறான். என்னுடையதற்கு நான்கு. அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது என்றிருந்தேன். எட்டு தடவை பார்த்தேன்.

ஷஃபான் 18
அழகாகத்தான் இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. மாஹக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள் — என் பெண்டாட்டி! அவன் விளக்கு எப்படி என்று கேட்டேன். “உங்களுது நல்லாத்தானே இருக்கு” என்றாள். நான் கேட்டது அதையா? ரொட்டியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

ஷஃபான் 24
இரண்டு விளக்கையும் சாம்பல் குழியில் புதைத்தோம். முற்றத்தில் இருப்பது ஒரே குழி. நனைத்து நனைத்துச் செதுக்கிய கல் மூன்று நாள் இளஞ்சூட்டில் காயவேண்டும். சூடு மீறினால் பிளந்துவிடும்.
ஷாதானின் மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாக ஆள் வந்தது. ஓடும்போதே சொன்னான்: “அண்ணே, தீயைப் பாத்துக்கங்க. நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை.”
கவலையில்லையாம்.

ஷஃபான் 25
போட்டேன். ஒரு கட்டு விறகு. வேண்டுமென்றேதான்.
என்னுடையதும் அதே குழியில்தான் இருக்கிறது என்பது தீ பிடித்த பிறகுதான் புத்தியில் ஏறியது. பொறாமை பிடித்தவனுக்குக் கண் எங்கே இருக்கும்? கிளறி எடுப்பதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. என் விளக்கு இரண்டாகக் கிடந்தது. கனமாகத் தெரியட்டும் என்று அடியைத் தடிமனாக விட்டிருந்தேன்; அங்கேதான் பிளந்தது. அவன் எல்லாப் பக்கமும் சீராகக் குடைந்திருக்கிறான். ஒரு கீறல் இல்லை.

ஷஃபான் 26
அவனுக்குப் பெண் குழந்தை.
வந்தவன் உடைந்ததைப் பார்த்தான், தன்னுடையதைப் பார்த்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். தீ மீறிப்போனதும் என் விளக்கை விட்டுவிட்டு அவனுடையதைக் காப்பாற்றினேனாம். “கூடப்பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் அண்ணே.”
கையை உருவிக்கொண்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.
சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். ரொட்டிக் கடைக்காரன் எழுந்து நின்று சலாம் சொல்கிறான். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஷஃபான் 28
விளக்கின் அடியில் இரண்டு பேர் பெயரும் வரவேண்டும் என்று ஷாதான் பிடிவாதம் பிடிக்கிறான். அபூ நஸ்ருக்கும் சம்மதம். “எழுத்து ரூஸ்பேக்குத்தான் வரும், அவரே வெட்டட்டும்” என்று என் கையிலேயே உளியைக் கொடுத்துவிட்டார்.

ரமலான் 1
நேற்றுப் பிறை கண்டதும் ஏற்றினார்கள். ஏழு திரியும் புகையில்லாமல் எரிந்தன. எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது, பொய் சொல்வானேன்.
அடியில் ‘ஷாதான் செய்தது’ என்று மட்டும் வெட்டிக் கொடுத்தேன். இன்னொரு பெயருக்கு இடம் போதவில்லை என்றேன்.
நான்கு விரல் இடம் இருந்தது.