வெண்சுறாவுக்கு வேறொருவர்

வெள்ளவத்தை,
09.02.1976

அன்பின் ஐறீனுக்கு,

நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன். நீரும் சுகம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் நாள் முழுக்க பஸ் ஓடுகிறது. புருசனும் பெண்சாதியும் என்னவென்றால் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு வர வேண்டாம், சொல்ல இருப்பதை எழுதுங்கள் என்று சொன்னது நீர். சரி, எழுதுகிறேன்.

ஒரு கதை காதில் விழுந்தது. ஸஹாப்தீன் முதலாளி வெண்சுறாவின் இரண்டாவது படத்தை எடுக்கப் போகிறாராம். சந்தோஷம். ஆனால் வெண்சுறாவாக நடிக்கப்போவது நான் இல்லையாம். புவாத் என்று ஒரு நாடகக்காரப் பெடியனாம், வயது இருபத்தாறாம். நான் நம்பவில்லை. நேரே காலி வீதிக் கந்தோருக்குப் போய் முதலாளியிடமே கேட்டேன். மனுசன் எனக்கு ஒரு பிளேன்ரீ எடுப்பித்துத் தந்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி கிளெமென்ற், என்ட கையில ஒண்டும் இல்ல. வெண்சுறாவ உண்டாக்கினது ஒங்கட மிஸிஸ். அவ ஒப்பம் வெச்சாத்தான் படம். மொகம் யாருட மொகம் எண்டும் அவதான் சொல்லோணும்."

ஆகையால் உமக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாக 'முத்தொளி' பேப்பரில் வெள்ளிக்கு வெள்ளி சித்திரக்கதையாக நீர் வரைகிற ஆளுக்கு, வெள்ளித்திரையில் உயிர் கொடுத்தது நான். இங்கே சந்தையில் சிங்கள மீன்காரன்கூட 'மோறா மஹத்தயா', சுறா ஐயா, என்றுதான் கூப்பிடுகிறான். என்னுடைய சொந்தப் பெயர் அவனுக்குத் தெரியாது. இந்த வேஷத்துக்காகத்தானே துறைமுகத்தில் கப்பல் சாமான் கணக்கெழுதுகிற டலி கிளாக் வேலையை விட்டேன்? இப்போது வயது முப்பத்தெட்டு. இது போனால் எனக்கு வேறு வேலையும் இல்லை, வேறு பெயரும் இல்லை. இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

'பழைய ஆளே இருக்கட்டும்' என்று ஒரு வரி எழுதி ஒப்பம் வைத்தால் காரியம் முடிந்தது. உமக்கு அது ஒரு நிமிட வேலை.

பதிலை எதிர்பார்க்கும்,
கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
17.02.1976

அன்புள்ள கிளெமென்றுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டியிருந்தது, மாற்றியாயிற்று.

ஓம், முதலாளி என்னிடம் கேட்டிருக்கிறார். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கிடையில் 'முத்தொளி' ஆசிரியர் அந்தப் பையனின் படத்தைப் போட்டு, வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். கடிதங்கள் வரட்டும், பார்ப்போம்.

ஒரு நிமிட வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. வெண்சுறாவின் முகமூடி கண்ணையும் மூக்கையும் மறைக்கிறது. வாயும் நாடியும்தான் வெளியில் தெரியும். அந்த வாயும் நாடியும் உங்களுடையவை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பார்த்து வரைய ஆள் பிடிக்க எனக்கு வசதியில்லை; நீங்கள் வேலை முடிந்து வந்து சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். படத்தில் ஒரு நாடி, பேப்பரில் இன்னொரு நாடி என்றால் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஆகவே ஆளை மாற்றினால் நானும் ஆறு வருடம் வரைந்த முகத்தை மாற்ற வேண்டும். உங்களுக்கு மட்டும் நட்டம் என்று நினைக்க வேண்டாம்.

மற்றது, வீட்டுக்கு வர வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. படம் ஓடி முடிந்து ஒரு மாதம் இருக்கும். சந்தைக்குப் போய் வாருங்கள் என்று கூடையைத் தந்தேன். "வெண்சுறா கூடை தூக்கிக்கொண்டு றோட்டால போறதோ? சனம் பாத்தா என்ன சொல்லும்?" என்று கேட்டீர்கள். பகிடிக்குக் கேட்கிறீர்கள் என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் வெண்சுறாதான் சாப்பிட்டார், வெண்சுறாதான் தூங்கினார். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன்.

பேப்பரில் ஒரு வெண்சுறாவைச் சமாளிப்பதே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
ஐறீன்


வெள்ளவத்தை,
11.03.1976

அன்பின் ஐறீனுக்கு,

நீர் எழுதினதை நாலு தரம் வாசித்தேன். கூடை விஷயம் உண்மைதான். அந்த நேரம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் கைதட்டினால் யாருக்குத்தான் ஏறாது? நீர் வரைந்துவிட்டு வீட்டுக்குள் இருக்கிறீர். கைதட்டு வாங்குகிறவன் நான்தானே.

இப்போது நான் ஒழுங்காக இருக்கிறேன். காலையில் தண்டவாளக் கரையோரம் பம்பலப்பிட்டி வரை ஓடிப் போய் ஓடி வருகிறேன். வயிறு இறங்கிவிட்டது. லொட்ஜ்காரர் மாக்ரெட் அக்காவே, "என்ன தம்பி, பத்து வயசு குறைஞ்சு போச்சு" என்று சொன்னா. அந்த வெள்ளை உடுப்பு இன்னும் அளவாக இருக்கும். முதலாளி தந்தால் போட்டுக் காட்டுவேன்.

அந்தப் பெடியனின் படத்தை நானும் பேப்பரில் பார்த்தேன். பல்லு வரிசையாக இருக்கிறது. அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நீரே சொல்லும், அந்த வாயில் வெண்சுறாவின் சிரிப்பு வருமா?

வாசகர் கடிதங்கள் நிறைய வருவதாகக் கேள்விப்பட்டேன். சனத்தின் மனதை அறிந்து முடிவெடுப்பது நல்லது. பிள்ளைகள் எழுதுவதைத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாக வாசியும். அவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

உம்மை நினைக்காத நாள் இல்லை. இதை வேஷத்துக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதேயும்.

அன்புடன்,
கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
29.03.1976

அன்புள்ள கிளெமென்றுக்கு,

நீங்கள் சொன்னபடியே ஒவ்வொன்றாக வாசித்தேன். முப்பத்தொரு கடிதங்கள். ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அனுப்பியிருந்தார். பழைய வெண்சுறாவே வேண்டும் என்று கேட்பவை பதினாலு. அவற்றில் இரண்டு, பிள்ளைகள் எழுதினது. மற்றப் பன்னிரண்டையும் எழுதினது நீங்கள்.

கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. எழுத்தில் நல்லாகவே கஷ்டப்பட்டிருக்கிறீர்கள். நாலைந்து இடது கையால் எழுதினதாக இருக்க வேண்டும். பெயர்களும் நல்ல பெயர்கள். ஜவாஹிறா, வயது பத்து, தெமட்டகொடை. அவளை எனக்குப் பிடித்துவிட்டது. வேறு வேறு இடங்களில் தபாலில் போட்டிருக்கிறீர்கள். மருதானையில் மூன்று, நுகேகொடையில் இரண்டு. எத்தனை பஸ் ஏறி இறங்கினீர்களோ.

கண்டுபிடித்தது வேறு விதமாக. மற்றப் பத்தொன்பது பேரும் முதல் வரியிலேயே அந்தக் குதியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். துறைமுகக் கிறேனின் உச்சியிலிருந்து வெண்சுறா கடலுக்குள் பாய்கிற இடம். புது ஆள் அப்படிக் குதிப்பாரா, எத்தனை அடி உயரம், பயமில்லையா என்று. புவாத் வேண்டும் என்கிற பிள்ளையும் அதைத்தான் கேட்கிறது. உங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சண்டையைப் புகழ்ந்திருக்கிறார்கள், சிரிப்பைப் புகழ்ந்திருக்கிறார்கள், நடையைப் புகழ்ந்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்த ஒரு பிள்ளை அந்தக் குதியை விட்டுவிட்டு நடையைப் பற்றி எழுதுமா?

அன்றைக்குக் குதித்தது மூட்டை இறக்குகிற அழகுமுத்து. உங்களுக்கும் எனக்கும் படப்பிடிப்பில் நின்ற பத்துப் பேருக்கும் மட்டும் தெரியும். அவர் உங்கள் உடுப்போடு மேலே நின்றார். நீங்கள் வள்ளத்தில் துவாயைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். பன்னிரண்டு பொய்ப் பெயர் எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது. குதித்தது நீங்கள் என்று எழுத மட்டும், இன்னொருவர் பெயரில்கூட, கை வரவில்லை.

முதலில் சிரித்தேன். பிறகு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் கலியாணம் முடித்த ஆள் அந்தப் பன்னிரண்டு கடிதங்களுக்குள் ஒளிந்திருப்பதாகத் தெரிந்தது. அவரை எனக்கு நிறையப் பிடிக்கும். இரண்டு வருடமாகக் காணாதபடியால் சொல்கிறேன்.

நேற்று ஒப்பம் வைத்துவிட்டேன். புவாத்துக்குத்தான்.

இன்னொன்றையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. வேறு ஆளைப் பாருங்கள் என்று முதலாளியிடம் முதலில் சொன்னதும் நான்தான். அவர் தயங்கினார். வெண்சுறாவை உங்களிடமிருந்து எடுத்தால்தான் உங்களில் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். அது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

ஐறீன்


வெள்ளவத்தை,
02.04.1976

ஐறீன்,

கடிதம் கிடைத்தது. உம்முடைய ஆள், உம்முடைய பேனை, யாருக்கு வேண்டுமானாலும் கொடும். ஆனால் ஒரு மனுசனிடமிருந்து அவன் சோற்றைப் பறித்து, பசியில் அவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்கிற பரிசோதனை எங்கேயும் நான் கேள்விப்பட்டதில்லை.

இனிமேல் எழுத மாட்டேன்.

கிளெமென்ற்


வெள்ளவத்தை,
20.09.1976

அன்பின் ஐறீனுக்கு,

எழுத மாட்டேன் என்று எழுதினவன் எழுதுகிறேன். நீர் சிரிப்பீர். சிரியும்.

ஜூன் மாதத்திலிருந்து மருதானையில் ஒரு லொறிக் கொம்பனியில் வேலை. சாமான் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து எழுதுகிற வேலைதான். எனக்குத் தெரிந்தது அது. முதல் இரண்டு கிழமை லொறிக்காரர்கள் 'வெண்சுறா, வெண்சுறா' என்று பகிடி பண்ணினார்கள். பிறகு புவாத்தின் பெயரோடு புதுப் படத்தின் அறிவிப்புச் சுவரொட்டி வந்தது. அதிலிருந்து என்னைக் கிளெமென்ற் என்றே கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் இறங்கியது.

போன மாதம் முதலாளியின் கந்தோருக்கு ஒரு அலுவலாகப் போனேன். உள்ளே புவாத் அந்த வெள்ளை உடுப்போடு நிற்கிறான். அளவு பிடிக்க இடுப்பில் ஊசி குத்தியிருக்கிறது. என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தான்.

"அண்ணன், ஒங்கட படத்த நான் பன்னெண்டு தரம் பாத்தன். அந்தக் குதி மட்டும் எனக்கு வராது போல. அடுத்த கெழம எடுக்கப் போறாங்க. நீங்க எப்பிடிக் குதிச்சீங்க?"

ஐறீன், அவன் முகத்தில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கு அந்தப் பயம் தெரியும்.

"நான் குதிக்கேல்ல தம்பி. அழகுமுத்து எண்டு ஒராள் குதிச்சவர். நான் வள்ளத்தில கண்ண மூடிக்கொண்டு இருந்தனான்," என்று சொன்னேன்.

அவன் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டான். "அல்லாவே! நான் ஒரு கெழமையா நித்திர கொள்ளல்ல," என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். வெளியில் வந்தபோது உடம்பில் பாரம் இறங்கினதுபோல இருந்தது. இரண்டு வருடம் இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் சுமந்திருக்கிறேன். நல்ல பெடியன். நீர் பிழையாகத் தெரிவு செய்யவில்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

வெள்ளிக்கு வெள்ளி 'முத்தொளி' வாங்குகிறேன். ஏப்ரலிலிருந்து ஒன்றும் தவறவிடவில்லை. முகத்தை மாற்றிவிட்டீர். வாய் அவனுடையது, நாடி அவனுடையது, பல்லுகூட வரிசைதான். பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் வெண்சுறா நிற்கும்போது பாரும். இடது தோள் இறங்கியிருக்கிறது. வலது கால் கொஞ்சம் முன்னுக்கு. பதினொரு வருடம் இடக்கையில் டலிப் பலகையை அணைத்துக்கொண்டு கப்பலடியில் நின்றவன் அப்படித்தான் நிற்பான். புவாத் ஒருநாளும் அப்படி நிற்க மாட்டான். ஈட்டிபோல நிமிர்ந்த பெடியன். முதலில் ஒரு தடவை என்று நினைத்தேன். பிறகு பழைய பேப்பர்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாக் கிழமையும் அப்படித்தான்.

அதை எடுத்துவிடும், ஐறீன். அவனுக்குக் கொடுப்பது என்றால் முழுதாகக் கொடும். அங்கே என்னுடையது ஒரு தோள் இருக்கும்வரைக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னைத் தேடிப் பேப்பர் கடைக்கு ஓடுகிறேன். அதையும் எடுத்துவிட்டால் பார்க்க ஒன்றும் இராது. அதற்குப் பிறகு மிச்சம் இருக்கிற ஆள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டு எழுதுகிறேன். உமக்கு விருப்பம் இல்லை என்றால் அதையும் நேரே எழுதும். தாங்குவேன்.

என்றும்,
கிளெமென்ற்


கொட்டாஞ்சேனை,
28.09.1976

அன்பின் கிளெமென்றுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நானும் பழைய பேப்பர்களை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. எனக்கு இதுவரை தெரியவில்லை. ஆசிரியருக்கும் தெரியவில்லை, முதலாளிக்கும் தெரியவில்லை.

உடனே மாற்றத்தான் உட்கார்ந்தேன். வெண்சுறாவை ஐந்து தடவை நேராக நிறுத்திப் பார்த்தேன். ஐந்து தடவையும் தோள் இறங்கிவிடுகிறது. இறங்காமல் பிடித்து வரைந்தால் அவன் உயிரில்லாத கம்பம் மாதிரி நிற்கிறான். பேப்பர் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் இந்தக் கிழமை அவனை ஒரு கல்லில் உட்கார வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை கழுத்தளவு தண்ணீருக்குள் இறக்கிவிடலாம். அதற்கடுத்த கிழமை அவன் எழும்பி நின்றே ஆக வேண்டும்; கதை அப்படி.

முகத்தைப் புவாத்தின் படத்தைப் பார்த்து வரைந்தேன். நிற்பதை யாரைப் பார்த்து வரைந்தேன் என்று யோசித்தேன். ஒருவரையும் பார்க்கவில்லை. வேறு ஆம்பிளை எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துப் பழகினது நீங்கள் நிற்பதை மட்டும்தான்.

ஆகவே இதை நான் தனியாக முடிக்க முடியாது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பேன். வாருங்கள். வந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக, கொஞ்ச நேரம் என் முன்னால் நில்லுங்கள். எதையெல்லாம் விட வேண்டும் என்று நான் சரியாகப் பார்க்க வேண்டும்.

ஐறீன்