மாமா சுட்ட மான் இறைச்சி

அன்புள்ள அம்மா,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அருமைத் தம்பி இங்கே கிங்ஸ்பரியில் உள்ள தன் வீட்டில் ஆட்களைக் கூப்பிட்டு, நான் வெட்டிக் கொடுத்த மான் இறைச்சியைக் கம்பியில் குத்திச் சுட்டார். கொழுப்பில்லாத இறைச்சி, எண்ணெய் பூசிச் சீக்கிரம் இறக்க வேண்டும் என்றேன். "வன்னிக் காட்டுக்குள்ள இருந்து வந்தவர் எனக்குப் படிப்பிக்கிறார்" என்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார். கோழியைப் போல அரை மணி நேரம் வாட்டிச் செருப்புத் தோலாக்கினார். ஒருவராலும் கடிக்க முடியவில்லை. உடனே, "இவன் வெட்டின வெட்டுத்தான் பிழை" என்று என்னைக் காட்டினார்.

"மாமா, நீங்களும் அதே வன்னியிலதானே பிறந்தனீங்கள்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

மிளகாய்த்தூள் இடித்தால் ஒரு கிலோ அனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பொதியில் மாமா வீட்டு விலாசம் எழுத வேண்டாம். டூட்டிங்கில் நான் வேலை செய்யும் கடை விலாசத்தை எழுதுங்கள். மூன்று நாளாய் அங்கேதான் படுக்கிறேன்.

மகன்,
நிறோஜன்