உப்புத் தண்ணிக்கு ஒரு மூட்டை உப்பு

அன்பு மகள் ஏஞ்சலுக்கு, அம்மாவின் ஸ்தோத்திரம்.

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். குழாய் மட்டும் சுகமில்லாமல் இருந்தது, இப்போது அதுவும் தேறிவிட்டது. அங்கே கிளாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பத்திரமாக இருக்கிறீர்களா. காதை மூடிக்கொள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். அவர் நிற்கும்போது சொல்ல முடியாத விஷயம் இது. அதனால் வடகம் பார்சலோடு வைத்து அனுப்புகிறேன். நீ சிரித்துக்கொள். மாப்பிள்ளையிடம் பாதியை மட்டும் சொல்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், ஆனால் லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறோம், இவருக்கு நம் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாய். நியாயம்தான். போன தடவை மாப்பிள்ளை சோப்பைத் தேய்த்துத் தேய்த்து, நுரை வராமல், சோப்பே தீர்ந்துபோய், உடம்பெல்லாம் திப்பித் திப்பியாகத் தயிர் ஒட்டினாற்போல வெளியே வந்தாரே, எனக்கு மறக்கவில்லை. விருந்துக்குப் போன வீடுகளிலெல்லாம் சொறிந்துகொண்டே சிரித்தார். நல்ல பிள்ளை. உன் தலைமுடியும் தறியில் அறுந்த பாவு நூல் மாதிரி சிக்கிக்கொண்டது. போனை வைத்தேன். குழம்பைக் கிளறினேன். உன் அப்பாதான் அன்று சாப்பிடவில்லை. எம்பொண்ணு சொந்த ஊருக்கு வந்து லாட்ஜில தங்குவாளா, சபையில கேட்டா நான் இன்னா சொல்றது, என்று குழாயைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். குழாய் சொட்டியது.

குழாயிடம் கோபிக்கவும் முடியாது. அது இந்த வீட்டில் எல்லாவற்றிலும் தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறது. பருப்பு எத்தனை விசிலுக்கும் அசைவதில்லை. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டு, ஒரு தாரை கண்ணாடிக்கு, ஒரு தாரை கொடியில் போட்ட துண்டுக்கு, நிற்கிற ஆளுக்கு ஒன்றும் இல்லை. அப்பாவின் பனியன் காய்ந்தால் அப்பளம், சுவரில் சாய்த்து வைக்கலாம். நாள் முழுக்கக் கடையில் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிறவள் நான், பக்கெட்டைப் பார்த்தாலும் எனக்கு பார்டர்தான் தெரிகிறது. பச்சை பக்கெட், உப்புப் படிந்து வெள்ளை பார்டர். பார்டரைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வை மாதிரி, தேய்த்தாலும் போகாது.

உன் அப்பா மெஷின் வாங்கிவிட்டார். தண்ணீரில் இருக்கும் உப்பை உறிஞ்சி எடுக்கும் சாஃப்ட்னர். குமாரவேல் என்று ஒரு பையன் வந்து, மோட்டாருக்குப் பக்கத்தில் நிறுத்தி, குழாய் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். உயரமாக ஒரு சிலிண்டர், அதன் காலடியில் மூடி போட்ட ஒரு டப்பா. மறுநாள் காலை அவனே போன் செய்தான். சார், டேங்க்ல உப்பு கொட்டிட்டீங்களா, கொட்டினாத்தான் மெஷின் வேலை செய்யும் என்றான். அவன் சொன்ன டேங்க் அந்த டப்பா. உன் அப்பாவுக்குத் தெரிந்த டேங்க் ஒன்றுதான். மொட்டை மாடியில் இருப்பது. உப்புத் தண்ணிக்கு உப்பா, நல்லாக் கேட்டீங்களா என்றேன். உனக்கு இன்னா தெரியும், கொரோனாவுக்குக் கொரோனாவையே ஊசியாப் போடலையா, அது மாதிரிதான் இது என்றார். பிறகு ஒரு மூட்டை கல்லுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறினார். அந்த முதுகைப் பார்க்க எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதுதான் என் தப்பு.

அன்று சாயந்திரம் நம் வீட்டில் ஜெபக்கூட்டம். போதகர் வந்திருந்தார். முசரவாக்கத்திலிருந்து உன் அத்தை பொன்னியம்மாளும் வந்திருந்தாள். குடிக்கிற கேன் தண்ணீர் தீர்ந்திருந்தது. சரி, மெஷின்தான் வந்துவிட்டதே என்று குழாய்த் தண்ணீரிலேயே டீ போட்டேன். போதகர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தோம். பிறகு முழுவதையும் குடித்து முடித்தார், அதுதான் பெரிய மனசு. அத்தைக்கு அந்த மனசு இல்லை. இன்னாடி ஜெயம்மா, டீயில கருவாடு கழுவினியா என்றாள். அப்பா விடவில்லை. மொதல்ல அப்படித்தாங்க்கா இருக்கும், போகப்போக சாஃப்டாய்டும் என்று தன் டம்ளரையும் குடித்துக் காட்டினார், கண்ணில் நீர் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் உப்பைப் பற்றியே பிரசங்கம் செய்தார். எங்கள் வரிசையை மட்டும் பார்க்கவில்லை.

முகம் கழுவினால் கண் எரிந்தது. கறிவேப்பிலைச் செடி தலை கவிழ்ந்தது. குமாரவேல் வந்து மாடிக்குப் போனான். இறங்கி வரவில்லை. என்னடா என்று போய்ப் பார்த்தால் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். சார், மெஷின் பத்து வருஷத்துல எடுக்கிற உப்ப நீங்க ஒரே நாள்ல போட்டுட்டீங்களே என்றான். டேங்கைக் காலி செய்து, கழுவி, உப்பு இதில்தான் என்று டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுப் போனான். உன் அப்பா அன்று முழுக்க எதற்குமே டேங்க் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு மெஷின் வேலை செய்தது. அதுதான் அடுத்த வம்பு. குளிக்கப் போன மனிதர் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். இன்னாங்க ஆச்சு என்று கதவைத் தட்டினேன். சோப்பு போவமாட்டேங்குதும்மா, எவ்ளோ ஊத்தினாலும் வழவழன்னே இருக்குது, என்று உள்ளேயிருந்து பரிதாபமாகக் குரல் வந்தது. நல்ல தண்ணீரில் குளித்தால் உடம்பு அப்படித்தான் வழுக்குமாம், சோப்பு எப்போதோ போய்விட்டதாம், நமக்கு யார் சொன்னது. டேங்க் முழுவதையும் தலையில் ஊற்றித் தீர்த்துவிட்டார். கடைசியில் வெளியே வரப் பார்த்தால் கை வழுக்கித் தாழ்ப்பாள் திறக்கவில்லை. நான் கதவுக்கு அடியில் ஒரு பழைய துணியைத் தள்ளினேன். அதைப் பிடித்துத் திறந்து வந்தார். நான் மட்டும் என்ன, வழக்கம்போல வாஷிங் மெஷினில் இரண்டு கரண்டி பவுடர் போட்டேன். நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்து டிவி பார்த்தது. பனியன் பூ மாதிரி காய்ந்தது. அப்பா போட்டுப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, போட்டுக்கினு இருக்கற மாதிரியே இல்லையே என்று கழற்றிவிட்டார். பருப்பு பாயசம் போலக் குழைந்தது. அதற்கும் குறை, கடிச்சுத் துன்ன ஒண்ணும் இல்லையே என்றார்.

இதையெல்லாம் போனில் சொல்லாமல், தண்ணி இப்ப சூப்பரா இருக்குதுன்னு மட்டும் சொல்லு என்றார் அப்பா. சொன்னேன். பார்க்கலாம்மா, ரூமும் இருக்கட்டும் என்றாய் நீ. அந்தப் பார்க்கலாம் அவருக்கு இறங்கவில்லை. ராத்திரி புரண்டார். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு துண்டு சோப்பைக் காகிதத்தில் சுற்றி ஜோபியில் வைத்தார். கிளம்பு, அந்த லாட்ஜுக்குப் போலாம் என்றார்.

போனோம் ஏஞ்சல். வெட்கத்தை விட்டுப் போனோம். கவுன்டரில் இருந்தவர், இன்னா சார், ரூம் பாக்க சோப்போட வந்துக்கினு இருக்கீங்க என்றார். எம்பொண்ணு வெளிநாட்டுலேர்ந்து வருது, தண்ணி பாக்கணும்பா என்றார் அப்பா. ரூமில் ஏசி இருந்தது, திரை இருந்தது. அவர் நேராகக் குளியலறைக்குப் போனார். தேய்த்தார். தேய்த்தார். நுரை இல்லை. தயிர்தான் வந்தது. ஷவரைத் திறந்தார், ஒரு தாரை சுவருக்குப் போனது, ஒன்று என் புடவைக்கு வந்தது. பக்கெட்டைத் திருப்பினார். நீல பக்கெட், வெள்ளை பார்டர். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். திருவிழாவில் தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடித்த முகம். நம்ம தண்ணிதாம்மா, அதே தண்ணிதாம்மா, என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, கூட வந்திருந்த கவுன்டர்காரர் கையைத் தயிர்க் கையாலேயே பிடித்துக் குலுக்கினார். அவருக்கு எதற்கென்று தெரியவில்லை. அவரும் குலுக்கினார்.

ஆகவே விஷயம் இதுதான் மகளே. நீ ரூம் போட்டிருக்கிற இடத்தில் மாப்பிள்ளை சொறிவார். நம் வீட்டில் வழுக்குவார். எது நல்லது என்று நீயே யோசித்துக்கொள். எனக்கு வழுக்குவது போதும். காலையில் எழுந்ததும் நீ குளியலறையில் பாடுகிற சத்தம் இந்த வீட்டிலேயே கேட்க வேண்டும், அதற்காக லாட்ஜ் வாசலில் நான் நிற்க முடியாது. உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. பின்பக்கம் ஒரு குழாயை மட்டும் மெஷினில் சேர்க்காமல் பழையபடி விட்டு வைத்திருக்கிறோம். அப்பா அதில்தான் குளிக்கிறார். அப்போதுதான் குளித்த மாதிரி இருக்கிறதாம். பனியனும் மறுபடி சுவரில் நிற்கிறது. இந்த மெஷின் முழுக்க முழுக்க உங்கள் இரண்டு பேருக்காக மட்டும் ஓடுகிறது.

கர்த்தர் உங்கள் இருவரையும் பத்திரமாக அழைத்து வருவாராக. உன் கையும் காலும் மனசும் சுகமாக இருக்கட்டும். ரூமை ரத்து செய்ததும் அப்பா போனுக்கு ஒரு மெசேஜ் போடு, என் போனுக்கு வேண்டாம். வடகத்தை வெயில் வரும்போது ஒரு தரம் காய வை. மாப்பிள்ளையிடம் சோப்பைக் கொஞ்சமாகத் தேய்க்கச் சொல்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஜெயம்மாள்

உப்பு மூட்டை விஷயத்தை எழுதாதே என்று அப்பா இரண்டு தரம் சொன்னார். எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறேன். வந்த பிறகு நீயும் எதுவும் தெரியாத மாதிரியே டீ குடி.