இரண்டு பேருக்கு ஊறும் பட்டாணி

ராட்டர்டாம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

எட்னா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் வாங்கித் தந்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறதா?

நேற்று இங்கே ஒரு கூத்து. என் அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் வில்மாவுக்கு நம் ஊர் பார்ன்ஸ்லியின் மசித்த பட்டாணியைச் செய்து காட்டுகிறேன் என்று சவால் விட்டிருந்தேன். கடையில் தோல் நீக்கி உடைத்த பட்டாணிதான் கிடைத்தது. எல்லாம் பட்டாணிதானே என்று, நீங்கள் செய்வதுபோலவே சமையல் சோடா போட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். வேகவைத்தால் அத்தனையும் கரைந்து கூழாகிவிட்டது. நம் முழுப் பட்டாணி எவ்வளவு மசிந்தாலும் நாக்கில் கொஞ்சம் தட்டுப்படுமே, அது இல்லை.

ஆறியதும் வில்மா அதில் கரண்டியை நட்டாள். "நிக்குதுடி! கரண்டி நின்னா அது எங்க ஊரு பட்டாணி சூப்பு. இதுக்கா இவ்ளோ அலட்டிக்கிட்ட?" என்றாள். நம் வீட்டு வழக்கப்படி நான் அதன்மேல் புதினா வினிகரை ஊற்றப் போனதும், "அடிப்பாவி, கெடுத்துராத!" என்று சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பினால்தான் அப்பா.

முழுப் பட்டாணி ஒரு பொட்டலம் அனுப்புங்கள். கூடவே வரும் சோடா மாத்திரையை எடுத்துவிடாதீர்கள்.

டோரா அத்தை எழுதியிருந்தாள்: "நீ ஊரை விட்டுப் போயும் உங்கப்பன் இன்னும் வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு பேருக்குத்தான் ஊறப்போடுறான். சொன்னா கேக்கமாட்டேங்கிறான்."

டிராம் வந்துவிட்டது, ஓடுகிறேன். அத்தை சொல்வதைக் கேட்காதீர்கள் அப்பா.

உங்கள்
எட்னா